சிப் எடுத்த சாவி

காலையில் மகளுக்கு இருமல் மருந்தை மூடியில் அளந்துகொண்டிருந்தேன். நம் கார் ஆக்சசரீஸ் தொழில் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா சுகந்தி, விசயம் தெரியுமா? நம்ம சாவி சாந்தாராம் போயிட்டாரும்மா. நேத்து சாயங்காலம் ரிங் ரோட்டு லாரி ஷெட்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அம்புட்டுதான்." மருந்து மூடியைத் தாண்டி விரலில் வழிந்தது. "அம்மா, கொட்டுது" என்றாள் மகள். ஒரு மனிதர் இறந்துபோன செய்தியிலும் அந்தப் பட்டப்பெயர் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

சாவி சாந்தாராம் என்ற பெயர் எப்படி வந்தது என்று இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் செயலாளர் மறுபடி அழைத்தார். சங்க மலரில் அவர் படத்தோடு ஒரு பக்கம் வர வேண்டுமாம். "நீங்க எம்.எஸ்சி. படிச்சவங்க, அவரோட ஒரே கடையில வேலை பாத்தவங்க. நாலு நல்ல விசயமா எழுதிக் குடுங்க. பழசையெல்லாம் கிளற வேணாம்." முப்பதாம் நாளுக்குள் கேட்டார். அந்த நாள் தாண்டிப் பத்து நாள் ஆகிவிட்டது. பழசைக் கிளறாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழி கிடைக்கவில்லை.

சாந்தாராம் அண்ணனை நான் முதலில் பார்த்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு காரின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களைத்தான் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே, "புதுசா வந்த எம்.எஸ்சி.யா? பிசிக்ஸா? அந்த டார்ச்சை இந்தப் பக்கம் புடி. ஐன்ஸ்டீனா இருந்தாலும் இருட்டுல ஒயர் தெரியாது" என்றார். சீட் கவர், ஸ்டீரியோ, ரிமோட் ஸ்டார்ட் எல்லாம் போடும் கடை அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் ரிமோட் ஸ்டார்ட் பொருத்துவது திடீரென்று பெரிய மோகமாகிவிட்டது. மதுரை வெயிலில் கொதித்துக் கிடக்கும் காரை வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்திக் கிளப்பி, ஏசி ஓடிக் குளிர்ந்த பிறகு போய் உட்காரலாம். யாருக்குத்தான் ஆசை வராது?

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கார்களின் சாவித் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கும். அதை வண்டி அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஓடும். இல்லாவிட்டால் இரண்டு நொடி உறுமிவிட்டு அணைந்துவிடும். திருட்டுக்கு எதிரான காவல் அது. ரிமோட்டில் கிளப்பும்போது சாவி வண்டியில் இருக்காதே! அதனால் அந்தக் காவலைச் சமாளிக்க பைபாஸ் மாட்யூல் என்று ஒன்றை வைக்க வேண்டும். எந்த வண்டிக்கு எது என்று சப்ளையர் புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என் வேலை. அதை வண்டியில் இணைப்பது அவர் வேலை.

வழிகள் மூன்று. வண்டியின் ஒயரோடு தானே பேசிக்கொள்ளும் மாட்யூல் முதல் வழி. சரியானது அதுதான், ஆனால் மாடலும் வருடமும் அச்சாகப் பொருந்த வேண்டும். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியின் சிப்பை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, ரிமோட்டை அழுத்தும்போது மட்டும் அது வேலை செய்யும்படி இணைப்பது இரண்டாவது. சிப்பைச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவது மூன்றாவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கம்பியைத் திருகினாலும் வண்டி கிளம்பும். ஊரில் பாதிக் கடைகளில் அதைத்தான் செய்தார்கள். அண்ணன் அதைத் தொடவே மாட்டார். "வாசக் கதவைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு, வெளிய போறப்ப பூட்டை ஆட்டி ஆட்டிப் பாக்கிறாங்க மாப்ள" என்று அந்தக் கடைக்காரர்களின் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவரை உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போனது அங்கிருந்துதான் தொடங்கியது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் வெள்ளை டேப் சுருள் ஒன்றும் பேனா ஒன்றும் இருக்கும். எந்த ஒயரை வெட்டி எதனோடு சேர்த்தாலும் அதில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றி, அது எதற்கு என்று எழுதி, கீழே 'சாந்தா' என்று கையெழுத்துப் போடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். "என்னண்ணே, கல்யாணப் பாத்திரமா, பேர் வெட்டுறீங்க?" அவர் அசைய மாட்டார். "நாளைக்கு வேற ஒருத்தன் இதைக் கழட்டுவான். எவன்டா இதைச் செஞ்சான்னு திட்டுவான்ல, அவனுக்கு என் பேரு தெரிய வேணாமா?"

பேரையூரிலிருந்து ஒரு பருத்தி வியாபாரி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பணத்தைப் பற்றிக் கவலையில்லை, ரிமோட் ஸ்டார்ட் வேண்டும் என்றார். அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வீட்டுல வண்டியை எப்படி நிறுத்துவீங்க?" "வாசல் சரிவுதானே தம்பி. ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியுமா? முதல் கியர்ல போட்டுத்தான் நிறுத்துவேன்." அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "கியர்ல கிடக்கிற வண்டிய ரிமோட்ல கிளப்புனா தவ்விக்கிட்டுப் போகும். முன்னாடி உங்க பேரப்பிள்ளை நின்னா?" நியூட்ரலில் மட்டும் கிளம்பும்படி ஒரு சுவிட்ச் வைக்கிறேன், சரிவை விட்டு வேறு இடத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டு வாருங்கள் என்றார். வியாபாரி முகம் சிவந்து போய்விட்டார். ஓனர் அன்று அண்ணனைக் கடைக்குள் கூப்பிட்டுக் கத்தினார். வெளியே வந்தவர், ஒன்றும் நடக்காததுபோல, வீட்டுக்குப் போன் செய்து அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் மனைவியிடம் பத்து நிமிடம் பேசினார். கடையில் யாருக்கும் அது புரியாது. கடையில் விழுங்கியதையெல்லாம் அந்த மொழியில்தான் கொட்டுவார். இந்த விஷயம் பின்னால் வரும்.

மாட்யூல் தேர்வில் அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு. "எப்ப எடுத்தீங்கன்னு கேக்காத தங்கச்சி. எப்பச் செஞ்ச வண்டின்னு பாரு. மார்கழியில நம்ம ஊர்ல எவனும் புது வண்டி எடுக்க மாட்டான். போன வருசத்து வண்டியெல்லாம் ஷோரூம்ல தை பிறக்கட்டும்னு காத்துக்கிட்டு நிக்கும்." நான் தலையாட்டுவேன்.

வில்லாபுரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகன், அப்பாவின் காருக்கு ரிமோட் ஸ்டார்ட் போட்டுத்தர ஆசைப்பட்டார். தொலைபேசியில் நான், "எந்த வருசத்து வண்டி சார்?" என்று கேட்டேன். "இந்தத் தையிலதாம்மா எடுத்தோம்" என்றார் பெரியவர். புது வருடத்து மாட்யூலுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். வண்டி ஐப்பசியில் செய்தது. இடையில் கம்பெனிக்காரர்கள் ஒயரிங்கை மாற்றியிருந்தார்கள். அண்ணன் காலையிலிருந்து போராடினார். மாட்யூல் பேசவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் கதவைத் திறந்து, தயாரிப்பு மாதம் பொறித்த தகட்டை விரலால் தட்டிக் காட்டினார். சரியான மாட்யூல் வர ஐந்து நாள் ஆகும். அவர்களோ மறுநாள் விடிந்ததும் பேரக்குழந்தைக்கு முடியிறக்கப் பழனிக்குக் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது வழிதான் மிச்சம். இரண்டாவது சாவியை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார் பெரியவர். சாவித் தலையில் குங்குமம் இருந்தது. "வண்டி எடுத்த அன்னைக்கு இருந்து சாமி ரூம்ல இருக்கும்மா. இதுக்கு ஒரு குறையும் வராம அப்படியே குடுத்துரணும்." அவர் காபி குடிக்கப் போனார். சாவித் தலையைப் பிரித்துச் சிப்பை எடுத்தாக வேண்டும். "சொல்லிட்டுச் செய்யலாம் தங்கச்சி" என்றார் அண்ணன். "சொன்னா விட மாட்டாருண்ணே. அஞ்சு நாள்தானே? புது மாட்யூல் வந்ததும் சிப்பைத் திருப்பி வச்சிரலாம்" என்றேன். தப்பான மாட்யூலை வாங்கியது ஓனருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் என் மனத்தில் இருந்தது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். கணவருக்கு மில்லில் வேலை போய் இரண்டு மாதமாகியிருந்தது.

அவர் செய்தார். வேலை சுத்தமாக இருந்தது. சிப் இல்லாத சாவியை மூடி ஒட்டி, குங்குமம்கூடக் கலையாமல் பழுப்புக் கவரில் போட்டார். கவர் மேல் வெள்ளை டேப்பை ஒட்டி எழுதினார்: 'சிப் இல்லை. வண்டி கிளம்பாது. – சாந்தா.' என்னிடம் நீட்டி, "குடுக்கும்போது வாயாலயும் சொல்லிரு" என்றார்.

பெரியவர் படியேறி வருவது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. நான் அந்த டேப்பை உரித்தேன். கசக்கிப் போட மனம் வரவில்லை. என் மேசையின் அடிப்பக்கத்தில், முழங்காலுக்கு மேலே ஒட்டினேன். "சாவியை ஒண்ணும் பண்ணலையேம்மா?" என்று கேட்டார் அவர். "இல்ல சார். அப்படியே இருக்கு" என்றேன்.

ஐந்தாம் நாள் சரியான மாட்யூல் வந்தது. ஒருமுறை போன் செய்தேன். ஊரில் இல்லை, அப்புறம் வருகிறோம் என்றார்கள். அதற்கடுத்து நான் போன் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நினைத்ததைச் செய்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதிய வேளையில் பெரியவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது. மகன் பைக்கில் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். காரின் நல்ல சாவியும் ரிமோட்டும் ஒரே வளையத்தில் அவர் பையில். கார் ஓட்டத் தெரிந்த மருமகள் சாமி அறைக்கு ஓடிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவரைப் பின் சீட்டில் கிடத்தியாயிற்று. சாவியைத் திருகினால் என்ஜின் உறுமும், அணையும். மறுபடி உறுமும், அணையும். வண்டிதான் ஏதோ மக்கர் செய்கிறது என்று நினைத்து அந்தப் பெண் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டோவுக்கு ஆள் ஓடியிருக்கிறது. பெரியவர் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று மருத்துவமனையில் கேட்டார்களாம்.

சாவியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டு மகன் கடைக்கு வந்தார். கண்ணாடி மேசை மேல் அந்தச் சாவியை எறிந்தார். கண்ணாடி விரிசல் விடவில்லை, சாவி சறுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. "எங்கப்பா வாயில இருந்து ஒரு சொல்லு வராது இனிமே. யார்யா இதைச் செஞ்சது? செஞ்சதைச் சொல்லணும்னு உங்க ஒருத்தருக்கும் தோணலையா?" ஓனர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அது எந்த மாதம், எந்தச் சாமிப் படம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே அந்த டேப் ஒட்டியிருந்தது.

"நான்தாங்க" என்றார் அண்ணன். "சிப்பை எடுத்தது நான். சொல்லாம விட்டதும் நான்."

அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். மற்றது உங்களுக்குத் தெரியும். சங்கக் கூட்டத்தில் பேசினீர்கள். உறுப்பினர் பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்தீர்கள். சிப்பைச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வண்டிக்கு வண்டி காவலைக் கொன்ற கடைக்காரர்கள்தான், "தொழிலுக்கே கெட்ட பேரு" என்று அதிகம் பேசினார்கள். சாவி சாந்தாராம் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் அண்ணன் சாவுக்கு ஆளுயர மாலையோடு வந்திருந்தார், பார்த்தேன். உங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன். எந்தக் கூட்டத்திலும் ஒருவர்கூட, எல்லா ஒயரிலும் பெயர் எழுதுகிற மனிதர் இந்தக் கவரில் மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லையே?

அவர் பழியை ஏற்றதால் என் வேலை தப்பியது என்று நினைத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு லீவு கேட்ட அன்று, "குழந்தையைப் பாத்துக்கம்மா, இனிமே வர வேணாம்" என்றார் ஓனர். மேசையைக் காலி செய்யும்போது அந்த டேப்பை உரித்துச் சான்றிதழ் ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டேன்.

மகளுக்கு ஒன்றரை வயதில் பசுமலை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். லாரி கிரீஸ் ஏறிய சட்டை. பையில் டேப் சுருள் இருந்தது. "அண்ணே" என்றேன். "சொல்லுங்க மேடம்" என்றார். அதுவரை ஒருநாளும் என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. "பாப்பா பேரு என்ன?" சொன்னேன். "நல்ல பேரு." பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க வயித்தைப் பாத்து இரக்கப்பட்டு நான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. அப்படி இல்ல. நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க காலண்டரைப் பாத்தீங்க. அந்தப் பையன் அழுதுக்கிட்டு நிக்கிறான், யாராச்சும் ஒருத்தர் ஆமான்னு சொல்லணும்ல? அதான் சொன்னேன். நாலு நாள் கழிச்சாவது வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பஸ் வருது. பாப்பாவை நல்லா புடிச்சுக்கங்க, படி உயரம்" என்றார். அவர் ஏறவில்லை. அவருடைய பஸ்ஸும் அதுதான்.

சாவு வீட்டில் அவர் மனைவியின் எதிரில் போய் உட்கார்ந்தேன். "நீங்கதானே சுகந்தி?" என்று கேட்டார். தலையசைத்தேன். "அந்த டேப்பு இன்னும் இருக்கா?" மேசைக்கு அடியில் நான் ஒட்டியதை அண்ணன் பார்த்திருக்க வேண்டும். சௌராஷ்டிரத்தில் போனில் பேசிய பத்துப் பத்து நிமிடங்களில் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "இருக்குங்க" என்றேன். "அஞ்சு வருசமா கேக்கணும்னு நினைச்சேன். அவரு விடல. போய்க் கேட்டு வாங்குனா அது என்னத்துக்குன்னு சொல்லிட்டாரு." அழவில்லை. அடுத்து சொன்னதைக் குரல் தாழ்த்தாமலே சொன்னார். "மக பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறா. பிராக்டிக்கலுக்கு ஒரு கடையில கேக்கப் போனா, சாவி சாந்தாராம் மகளான்னு கேட்டுச் சிரிச்சாங்களாம். நீங்களும் பொம்பளப் பிள்ளை பெத்தவங்க. என்ன செய்யணுமோ செய்ங்க."

என் வீட்டில் இப்போது மருந்து பாட்டில், கேஸ் குமிழ், மெயின் சுவிட்ச் என்று எல்லாவற்றிலும் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கணவர் கேலி செய்கிறார். இரண்டு முறை பூட்டை இழுத்துப் பார்க்காமல் என்னால் வெளியே போக முடியாது. இதையெல்லாம் அண்ணனிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது பொய். அவர் எழுதியது அடுத்தவருக்காக. நான் எழுதுவது பயத்தில்.

செயலாளர் அவர்களுக்கு: படம் போட ஒதுக்கிய இடத்தில், இதோடு இணைத்திருக்கும் டேப் துண்டை அச்சிடுங்கள். பசை காய்ந்துவிட்டது, கையெழுத்து தெளிவாக இருக்கிறது. அச்சானதும் அவர் மகளிடம் சேர்த்துவிடுங்கள். அவருடையது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் நான் எடுத்தது. அதைக் கொடுத்த பிறகு எனக்கு மிஞ்சுவது, அவர் என்னைப் பார்த்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்த காலண்டர்.

சாந்தாராம் கவரில் எழுதினார். உரித்தது நான்.

– சுகந்தி